தாண்டக் கூடாத கல்

தொமோயேவுக்கு அன்றைக்கு மனதில் இருந்தது ஒரே ஒரு விஷயம்தான். இருபத்திரண்டு பேரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறாள். இருபத்திரண்டு பேரையும் மாலைக்குள் திரும்பக் கொண்டுவந்து இறக்க வேண்டும். நடுவில் எந்தக் கோயில்காரரும் அவள்மேல் கடிதம் எழுதிவிடக் கூடாது. இதென்ன பிரமாதம் என்று கேட்பவர்கள், ஒரே ஒரு நாள் வெள்ளைக் கையுறை மாட்டி, மஞ்சள் கொடியைப் பிடித்து, சிரித்த முகத்தை இறக்காமல் நின்று பார்க்கட்டும்.

ஒரு கடிதம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் இலையுதிர் காலத்தில் வேறொரு கோயிலில், ஒரு கிழவருக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. சுற்று வழியில் போனால் மனிதர் தாங்க மாட்டார். குறுக்கே ஒரு பாதை இருந்தது. அந்தப் பாதையின் முதல் நடைகல்லின்மேல் காவல்கல் வைத்திருந்தார்கள். தேங்காய் அளவு உருண்டைக் கல், கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டு, உச்சியில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான். பலகை கிடையாது, சங்கிலி கிடையாது. அந்தக் கல் உட்கார்ந்திருந்தால் இந்த வழியே வராதே என்று அர்த்தம். யாரும் போக மாட்டார்கள், குழந்தைகூடப் போகாது. தொமோயே போனாள். கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு கல்லைத் தாண்டிப் போனாள்.

மூன்றாம் நாள் நிறுவனத்துக்குக் கடிதம் வந்துவிட்டது. அதில் திட்டு ஒன்றும் இல்லை. அந்த ஊர்க் கடிதங்களில் திட்டு இருக்காது. ‘கல்லின் பொருள் அறிந்த வழிகாட்டியை அனுப்பி வைத்தால் எங்கள் தோட்டமும் மகிழும்’ என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக மேலாளர் இனிப்புப் பெட்டியோடு போய் இடுப்பு ஒடியக் குனிந்துவிட்டு வந்தார். தொமோயேவை பஸ்ஸிலிருந்து இறக்கி, பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளுக்குச் சீட்டு ஒட்டும் அறையில் உட்கார வைத்தார்கள். பத்தொன்பது வருடம் மைக் பிடித்துப் பேசிய வாய், எட்டு மாதம் குடைகளோடு மூடிக் கிடந்தது. இன்றைக்குத்தான் மறுபடி சீருடை. இன்னொரு கடிதம் வந்தால் சீருடையைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிடலாம் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

ஜூன் மாதம். மூன்று நாள் விடாமல் ஊற்றிவிட்டு, அன்று காலையில்தான் மழை கொஞ்சம் தூறலாக இறங்கியிருந்தது. சக்காய் நகரத்துத் தெருச் சங்கம் ஒன்று தன் மூத்த உறுப்பினர்களுக்காக ஏற்பாடு செய்த பயணம். மழைக்குப் பயந்து யாரும் பின்வாங்கவில்லை. கட்டிய சாப்பாடு வீணாகப் போய்விடுமே!

பஸ் மலைப் பாதையில் ஏறத் தொடங்கியதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“கைடம்மா! போற ஊர் பேரு உமேகுபோவா? எம் பேரு உமேத்தானி. அப்போ நான் சொந்தக்காரங்க ஊருக்குப் போறேன். இறங்குனதும் எனக்கு மட்டும் தனியா விருந்து உண்டு இல்ல?”

பஸ் முழுக்கச் சிரித்தது. உமேத்தானி கிழவருக்கு எண்பத்தொன்று. காதில் கருவி மாட்டியும் பாதிதான் விழும், அதனால் பேச்செல்லாம் ஊருக்கே கேட்கும். உமே என்றால் பிளம். உமேகுபோ என்றால் பிளம் மரப் பள்ளம். கிழவருக்கு அது போதாதா, பிடித்துக்கொண்டார்.

“பிளம் பள்ளம்னா மரம் இருக்கணுமே! இதுதானே காய்க்கிற மாசம். எம் பொண்டாட்டிக்கு முட்டி வலி, வரல. ஒரே ஒரு காயாவது கொண்டாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கா. வெறுங்கையோட போனா கதவத் தொறக்க மாட்டா.”

“கோயில் மரத்துல காய் பறிக்கிறது திருட்டு, உமேத்தானி ஐயா.” முன்வரிசையிலிருந்து திரும்பாமலே சொன்னாள் இசோகாய் அம்மாள். சங்கத்தின் செயலாளர். பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மடியில் பயண நிரலை விரித்துவைத்து, ஒவ்வொரு இடத்தையும் நேரம் பார்த்து டிக் அடித்துக்கொண்டிருந்தாள்.

“கீழ விழுந்தத எடுத்தா?”

“அதுவும் திருட்டுதான்.”

“பாருங்கய்யா, ரிட்டயர் ஆகி இருவது வருசமாச்சு, இன்னும் பிரம்ப கீழ வைக்கல!”

தொமோயேவும் சிரித்தாள். ‘தெரியாது’ என்பது வழிகாட்டியின் வாயில் வரக்கூடாத சொல். பத்தொன்பது வருடப் பழக்கம் சட்டென்று வேலை செய்தது. “மேல் மண்டபத்துப் பக்கம் ஒண்ணு ரெண்டு மரம் இருக்கும்னு நினைக்கிறேன் ஐயா” என்று மைக்கில் சொல்லிவிட்டாள். அந்தக் கோயிலுக்கு அவள் பத்துத் தடவையாவது வந்திருப்பாள். ஒரு பிளம் மரத்தையும் பார்த்ததில்லை. ஒரு பொய், அதுவும் கிழவரைச் சிரிக்க வைப்பதற்காக. அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

கோயில் வாசலில் விசில் ஊதி, “ரைட், ரைட், இன்னும் ரைட்” என்று கையசைத்து பஸ்ஸைப் பின்னால் எடுக்க வைத்தாள். எல்லாரும் இறங்கிக் குடை விரித்துக்கொண்டிருக்கையில் டிரைவர் குரமோச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். பக்கத்து மலைக்கு அந்தப்புறம் பிறந்தவர்.

“என்னம்மா, பிளம் மரம் காட்டுறேன்னு சொல்லிட்ட?”

“ஏன், இல்லையா?”

“எங்க தாத்தா காலத்துலயும் இல்ல. உமேன்னா இன்னொரு அர்த்தமும் இருக்கு இல்ல, புதைக்கிறது. மலை எறங்கி மூடுன எடத்துக்கெல்லாம் அப்படித்தான் பேரு வெச்சாங்க. அப்புறம் வந்தவங்க, அசிங்கமா இருக்குன்னு, அதே சத்தம் வர்ற பிளம் பூவோட எழுத்தப் போட்டு அழகா எழுதிட்டாங்க.” அவர் வானத்தை ஒரு தடவை பார்த்தார். “சீக்கிரம் காட்டிட்டு வந்துடு. எனக்கு இந்த எடம் எப்பவுமே பிடிக்காது.”

தொமோயேவுக்குச் சுருக்கென்றது. ஆனால் கொடி ஏற்கெனவே கையில் உயர்ந்துவிட்டது. இருபத்திரண்டு குடைகள் பின்னால் வரத் தொடங்கிவிட்டன.

சீட்டுக் கொடுக்கும் அம்மாள் ஜன்னலுக்குள்ளிருந்தே குனிந்து வணங்கினாள். “குருக்கள் இன்னிக்கு இல்லீங்க, கீழூர்ல ஒரு சாவு. தோட்டக்காரர் மழை வர்றதுக்கு முன்னாடியே கல்லு வெச்சிருக்காரு. கல்லப் பாத்துப் போயிடுங்க.”

“சரிங்க. கல்லப் பாத்தே போறோம்” என்றாள் தொமோயே. பரீட்சை எழுதப் போகிறவள்போல அதை மனதுக்குள் இன்னொரு தடவை சொல்லிக்கொண்டாள்.

பெரிய மண்டபத்தைப் பார்த்தார்கள். தோற்றோடிய இளவரசன் ஒருவன் நாற்பது நாள் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் அறையைப் பார்த்தார்கள். தேநீர்க் குடிலில் பச்சைத் தேநீரும் பருப்பு மாவில் செய்த இனிப்பும் கொடுத்தார்கள். அதற்குப் பின்னால்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலதுபுறம் குளக்கரையோடு போய் வாசலில் முடியும், ஐந்து நிமிடம். இடதுபுறம் ஓடையை ஒட்டித் தேவதாருக் காட்டுக்குள் ஏறி மேல் மண்டபத்துக்குப் போகும். ஒன்றிரண்டு தடவை தவிர எப்போதும் வலதுபுறமாகத்தான் தொமோயே கூட்டிப் போவாள். மேல் மண்டபம் பெரும்பாலான நாட்களில் திறப்பதில்லை.

உமேத்தானி கிழவரின் ஷூ நாடாவைக் கட்டிவிடக் குனிந்ததில் அவள் பின்தங்கிவிட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது இசோகாய் அம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் முன்னாலேயே போய்ப் பாதை பிரியும் இடத்தில் குனிந்து நின்றிருந்தார்கள். போன் வைத்துப் படம் எடுப்பதும் சிரிப்பதும் தெரிந்தது. என்ன அழகு, என்ன அழகு என்று ஒரு குரல் கேட்டது.

தொமோயே அங்கே போய்ச் சேர்ந்தாள். காவல்கல் வலதுபுறப் பாதையின் முதல் நடைகல்லில் உட்கார்ந்திருந்தது. முடிச்சு மேலே பார்த்தபடி, துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக.

அவள் நின்றுவிட்டாள். வலதுபுறமா? குளக்கரைக்கா? வெளியே போகிற வழியையா அடைப்பார்கள்? இடதுபுறத்து நடைகல்லைப் பார்த்தாள். மழையில் எல்லாக் கல்லும் கறுத்து நனைந்திருந்தன. இடதுபுறத்து முதல் கல்லின் நடுவில் மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகக் காய்ந்த வெளுப்பு. அது கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதோடு சரி, அது என்னவென்று யோசிக்க மனம் இடம் கொடுக்கவில்லை. மனம் முழுக்க அந்தக் கடிதத்து வரிதான் ஓடிக்கொண்டிருந்தது. கல்லின் பொருள் அறிந்த வழிகாட்டி.

“என்ன கைடம்மா, யோசனை?” என்றாள் இசோகாய் அம்மாள். “நிரல்ல குளக்கரைன்னு போட்டிருக்கு. ஆனா கல்லு இங்க இருக்கே. அப்போ மேல் மண்டபத்தை நமக்காகத் தொறந்து வெச்சிருக்காங்களோ என்னவோ!”

கீழே ஓடிப்போய்ச் சீட்டு அம்மாளைக் கேட்டிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் கேட்பது எப்படி? ‘உங்கள் கல் தப்பான இடத்தில் இருக்கிறதா’ என்று விருந்தாளி வீட்டுக்காரரைக் கேட்பதா? போன தடவை கல்லை மதிக்கவில்லை, இந்தத் தடவை கல்லைச் சந்தேகப்பட்டாள் என்று எழுதுவார்கள். தொமோயே கொடியை உயர்த்தினாள்.

“ஆமாங்க, இன்னிக்கு மேல் வழி. கால் வழுக்கும், மெதுவா வாங்க” என்றாள்.

இவளை என்ன சொல்வது? பத்துத் தடவை நடந்த தன் காலை நம்பாமல் ஒரு கல்லை நம்பினாள். அந்த ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். அது இன்னும் வயிற்றெரிச்சல்.

காட்டுக்குள் ஏறினார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு மாலை ஆறு மணிபோல் இருட்டிக் கிடந்தது. ஒரு பறவைச் சத்தம் இல்லை. வயதான கால்கள், பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கின. தொமோயே முன்னால் நடந்துகொண்டே இளவரசனின் கதையைச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போது தன் குரல் தனக்கே மிகத் தெளிவாகக் கேட்பதைக் கவனித்தாள். இங்கே குரலை உயர்த்தித்தானே பேசுவாள்? ஓடைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்துவாளே?

பாதி வழியில் ஒரு சின்னக் கூரை, இரண்டு பெஞ்சு. எல்லாரும் உட்கார்ந்தார்கள். உமேத்தானி கிழவர் உட்காரவில்லை. தொமோயே ஓரமாகப் போய் ஓடையை எட்டிப் பார்த்தாள். மூன்று நாள் மழைக்குப் பிறகு கரை புரண்டு ஓட வேண்டிய ஓடை. கற்கள் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு விரல் தண்ணீர், அதுவும் காவி நிறத்தில்.

அப்போதுதான் வாசனை வந்தது. மழை வாசனை இல்லை. ஆழத்தில் தோண்டிப் போட்ட பச்சை மண்ணின் வாடை, முள்ளங்கியைப் பிடுங்கினால் வருமே, அது. மேலேயிருந்து ஒரு சின்னக் கல் உருண்டு வந்து பெஞ்சுக் காலில் மோதி நின்றது. இன்னொன்று வந்தது.

மழை நிற்காமலே ஓடை வற்றினால், மண் வாடை வந்தால், சின்னக் கல் உருண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் காகிதம் ஒட்டியிருக்கிறது. மேலே எங்கேயோ மண் சரிந்து ஓடையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த மண் அணை உடைந்தால் மலை இறங்கும். தொமோயே பெஞ்சுகளின் பக்கம் திரும்பினாள். அதே நொடியில் அந்த வெளுத்த வட்டமும் ஞாபகம் வந்தது. எல்லாக் கல்லும் நனைந்திருக்க, அந்த ஓர் இடம் மட்டும் ஏன் காய்ந்திருந்தது? அதன்மேல் காவல்கல் உட்கார்ந்திருந்தது, அதனால்! கல் இடதுபுறம் இருந்தது. இந்த வழியைத்தான் அடைத்து வைத்திருந்தார்கள். ஐயோ!

“எல்லாரும் எழுந்திருங்க! கீழ! இப்பவே கீழ போங்க!”

யாரும் அசையவில்லை. பத்தொன்பது வருடத்தில் அவள் குரல் அப்படி வந்ததில்லை.

“என்ன கைடம்மா இது, இன்னும் மண்டபமே பாக்கல...”

“எழுந்திருங்கன்னா எழுந்திருங்க! சாப்பாட்டுப் பெட்டிய விடுங்க! ஓடுங்க!”

அது வேலை செய்தது. முனகிக்கொண்டும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டும் இறங்கத் தொடங்கினார்கள். தொமோயே ஓரமாக நின்று, தன்னைக் கடந்து போகிறவர்களை இரண்டிரண்டாக எண்ணினாள். பதினாறு, பதினெட்டு... இசோகாய் அம்மாள் அவள் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வயசானவங்ககிட்ட இப்படித்தான் கத்துறதா? உங்க மேலாளருக்கு நான் எழுத வேண்டியிருக்கும்!”

“எழுதுங்கம்மா! தாராளமா எழுதுங்க! மொதல்ல எறங்குங்க!”

எண்ணிக்கை அங்கே அறுந்துவிட்டது. தொமோயே மேலே திரும்பிப் பார்த்தாள். பெஞ்சுகள் காலி. வளைவு வரைக்கும் யாரும் இல்லை. அடியில் போய் எண்ணிக்கொள்ளலாம் என்று கடைசி ஆளாக அவளும் இறங்கினாள்.

பாதை பிரியும் இடத்தில், வலதுபுறத்துக் கல்லிலிருந்து காவல்கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள். எல்லாரையும் குளக்கரைப் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு கல்லைக் கொண்டுபோய் இடதுபுறத்து நடைகல்லில், இன்னும் மங்கலாகத் தெரிந்த அந்த வெளுத்த வட்டத்தின்மேல் வைத்தாள். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. இனி யாரும் தெரியாமல்கூட மேலே ஏறிவிட மாட்டார்கள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தோம் என்று அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று.

பஸ் பக்கத்தில் தோட்டக்காரர் மண்வெட்டியோடு நின்றிருந்தார். வாய்க்கால் அடைப்பு எடுத்துவிட்டு வருகிறார். எல்லார் ஷூவிலும் ஒட்டியிருந்த தேவதாரு இலைகளைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

“மேலயா போனீங்க? கல்லு வெச்சேனே! இடது பக்கம் வெச்சேனே!”

“வலது பக்கம் இருந்துச்சுங்க.”

“எப்படி இருக்கும்? என் கையால வெச்சேன்!”

பின்னால் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம். இசோகாய் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். “நான்தான். போட்டோவுக்கு... அழகா இருக்கேன்னு கையில எடுத்தேன். மண்ணு ஒட்டியிருந்துச்சு, கைக்குட்டையால தொடச்சேன். எடுத்த எடத்துலயே வெச்சுடணும்னு... ரெண்டு கல்லும் ஒரே மாதிரி இருந்துச்சு...”

தொமோயே அவளைப் பார்க்கவில்லை. இரண்டிரண்டாக எண்ணிக்கொண்டிருந்தாள். பதினெட்டு, இருபது, ஒன்று. மறுபடி எண்ணினாள். குரமோச்சியும் இறங்கி வந்து எண்ணினார். இருபத்தொன்று.

“உமேத்தானி ஐயா எங்க?”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். “வளைவுக்கு அந்தப் பக்கம் ஏதோ மரம் தெரியுது, பிளம் மரமான்னு பாத்துட்டு வந்துடறேன்னு போனாரு. நீங்க கத்தினப்போ... நாங்க அவரும் வர்றாருன்னு நினைச்சோம்.”

அவளுடைய பொய்யைத் தேடிப் போயிருக்கிறார். காது கேளாத மனிதர். தொமோயே கொடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். தொப்பி விழுந்தது, எடுக்கவில்லை. குளக்கரையைச் சுற்றி, ஒரு ஷூ கழன்று, ஒற்றைக் காலுறையோடு பாதை பிரியும் இடத்துக்கு வந்தாள்.

கல் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம், பாசியில், கைத்தடி குத்திய குழிகள். ஒன்று இரண்டு இல்லை. ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி, ஓர் ஆள் நெடுநேரம் நின்று காத்திருந்த குழிகள்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிழவர் இறங்கி வந்திருக்கிறார். இந்தக் கல்லுக்கு இரண்டடி தூரம் வரைக்கும் வந்திருக்கிறார். பாதை அடைத்திருக்கிறது என்று பார்த்திருக்கிறார். தாண்டவில்லை. எண்பத்தொரு வருடத்தில் ஒரு தடவையும் தாண்டாத கல்லை இன்றைக்கா தாண்டுவார்? யாராவது வருவார்கள் என்று நின்றிருக்கிறார். கல் இங்கே இருப்பதால் கூட்டம் இந்த வழியே போயிருக்காது, மேலேதான் போயிருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். தனியாகத் திரும்பி ஏறிவிட்டார்.

தொமோயே கல்லைத் தாண்டினாள். கழுத்து விசிலை வாயில் வைத்து, பஸ்ஸைப் பின்னெடுக்கும்போது ஊதுவதுபோல், உயிர் போக ஊதிக்கொண்டே ஏறினாள். இரண்டாவது திருப்பத்தில் மேலே மரங்களுக்கு நடுவில் கிழவரின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அவள் மறுபடி ஊதினாள். தொப்பி நின்றது. கிழவர் திரும்பினார். விசில் மட்டும் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது.

“கைடம்மா! நீங்க கீழயா இருக்கீங்க?” ஊருக்கே கேட்கும் அந்தக் குரல் காட்டுக்குள் கணீரென்று வந்தது. “கல்லு வெச்சிருந்துச்சு, அதான் மேல போயிட்டீங்கன்னு நினைச்சேன்!”

“ஓடி வாங்க! ஐயா, ஓடி வாங்க!”

“ஆங்?” காதில் கை வைத்தார்.

அவள் இரண்டு கையையும் வீசி வீசிக் கூப்பிட்டாள். அவருக்குப் புரிந்ததுபோல் இருந்தது, ஆனால் வேறு ஏதோ புரிந்தது. வழிகாட்டி தொப்பியில்லாமல், ஒற்றை ஷூவோடு, தன்னைத் தேடி ஓடி வந்திருக்கிறாள். அப்படியென்றால் இருபத்தொரு பேர் பஸ்ஸில் தனக்காகக் காத்திருக்கிறார்கள். கிழவர் கைத்தடியை ஒரு மரத்தில் சாய்த்து வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

“எல்லாரையும் காக்க வெச்சுட்டேன். பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க” என்று சொல்லி, இடுப்பு வரைக்கும் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. முதலில் காற்று வந்தது, பிறகுதான் சத்தம். தேவதாரு மரங்கள் விழவில்லை, நின்றபடியே இறங்கி வந்தன. தொமோயேவைக் காற்று தூக்கி ஒரு மரத்தடியில் எறிந்தது. அவள் கண் திறந்தபோது, கிழவர் நின்ற இடத்தில் பாதையே இல்லை. காவி நிறச் சேறு மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். காது கேளாதவரை, சேற்றுக்குள் இருப்பவரை, கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

இருபது நிமிடத்தில் கீழூர்த் தீயணைப்புத் தொண்டர்கள் வந்துவிட்டார்கள். தோட்டக்காரர்தான் கூட்டி வந்தார். அதற்குள் தொமோயே தவழ்ந்து தவழ்ந்து முதல் திருப்பம் வரைக்கும் இறங்கி வந்திருந்தாள். அங்கிருந்து பாதை பிரியும் இடம் தெரிந்தது. இசோகாய் அம்மாள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தாள். அவளும் தாண்டவில்லை.

முன்னால் ஓடி வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். தோளில் கயிற்றுச் சுருள், கையில் மண்வெட்டி. வந்த வேகத்தில் அவர் கண் நடைகல்லில் விழுந்தது. கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த ஐந்து பேரும் நின்றுவிட்டார்கள்.

“அது வெறும் கல்லுய்யா!” தொமோயேவுக்கு அடி வயிற்றிலிருந்து அலறல் வந்தது. “வெறும் கல்லு! தாண்டி வாங்க! உள்ள ஆள் இருக்காரு, தாண்டி வாங்க!”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார், தலையாட்டினார். பிறகு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, கல்லை இரண்டு கையாலும் எடுத்து, ஓரமாக, முடிச்சு மேலே பார்க்கும்படி வைத்துவிட்டுத்தான் ஏறினார்.